தொட்டிக்கு அடியில் இருக்கும் மண்

1996-ல் கலிஃபோர்னியாவின் கடலோர நகரமான சான்டா மோனிகா தன் குடிநீரில் பாதியை இழந்தது. வறட்சியால் அல்ல. சார்னாக், ஆர்கேடியா பகுதிக் கிணறுகளின் நீரில் எம்.டி.பி.இ. என்ற வேதிப்பொருள் கலந்துவிட்டதால் அவற்றை மூட வேண்டியதாயிற்று. பெட்ரோல் நன்றாக எரிவதற்காக அதில் சேர்க்கப்பட்ட பொருள் அது. சார்னாக்கில் அதன் அளவு லிட்டருக்கு 610 மைக்ரோகிராம் வரை போனது. கலிஃபோர்னியா பின்னர் குடிநீருக்கு வகுத்த உடல்நல வரம்பு 13. நிலத்தடிப் பெட்ரோல் தொட்டிகளிலும் குழாய்களிலும் ஏற்பட்ட கசிவே இதற்குக் காரணம்.

இத்தகைய கசிவு கிணற்றை எட்டும் முன்பே தெரிய வேண்டுமானால், தொட்டியைச் சுற்றித் துளையிட்டு மண்ணை எடுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் பழைய வரைபடங்களைப் பார்த்துத் தொட்டி, குழாய், பம்பு ஆகியவை எங்கே இருக்கின்றன என்று குறிப்பார்கள். மின்கம்பியோ எரிவாயுக் குழாயோ குறுக்கிடலாம் என்பதால், முதல் ஐந்தடி வரை பெரும்பாலும் கையால்தான் தோண்டுவார்கள். அதன் பிறகே இயந்திரம். அது உள்ளீடற்ற எஃகுக் குழாயை மண்ணுக்குள் அடித்து இறக்கும். குழாயை மேலே இழுத்ததும், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையை நீளவாக்கில் அறுத்துத் திறப்பார்கள். அடுக்கு அடுக்காக மண் தெரியும். எங்கே நிறம் மாறியிருக்கிறது, எங்கே பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று குறித்துக்கொண்டு, ஆவியை அளக்கும் சிறு கருவியால் ஒவ்வொரு அடுக்கையும் சோதிப்பார்கள்.

எந்த ஆழத்தில் மாதிரி எடுப்பது என்பதே முக்கியம். பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது. இறங்கி வந்து நிலத்தடி நீர்மட்டத்தின் மேல் தேங்கும். ஆகவே தொட்டியின் அடிமட்டத்திலும் நீர்மட்டத்துக்குச் சற்று மேலேயும் கட்டாயம் எடுக்க வேண்டும். எம்.டி.பி.இ.யோ நீரில் எளிதில் கரையும், மண்ணில் ஒட்டாது. நீர் ஓடும் திசையிலேயே அதுவும் வெகுதூரம் போய்விடும். அதைப் பிடிக்க அந்தத் திசையிலும் துளையிட்டு நீரையும் எடுக்க வேண்டும்.

எடுத்த மண்ணை அலட்சியமாக வைத்தால் சோதனையே பொய்த்துவிடும். பெட்ரோலில் உள்ள பென்சீன் போன்றவை வேகமாக ஆவியாகிவிடும். அப்புறம் ஆய்வகம் 'சுத்தம்' என்று அறிக்கை தரும், விஷமோ நிலத்திலேயே இருக்கும். அதனால்தான் மண்ணை எடுத்த இடத்திலேயே மெத்தனால் உள்ள சிறு குப்பியில் இட்டு மூடுகிறார்கள். நீரை 40 மில்லி குப்பியில் காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் நிரப்பி, பனிக்கட்டியில் வைத்து அனுப்புகிறார்கள். குப்பி யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்பதும் கையெழுத்தோடு பதிவாகிறது.

வேலை முடிந்ததும் துளையை பென்டோனைட் களிமண்ணால் அடைக்க வேண்டும். திறந்தே விட்டால், மேலிருக்கும் மாசு கீழுள்ள நல்ல நீருக்கு இறங்க அதுவே வழியாகும்.

1988-ல் அமெரிக்கா வகுத்த விதிகளின்படி, தொட்டியை நிரந்தரமாக மூடும்போது அங்கே கசிவு நடந்ததா என்று சோதித்தாக வேண்டும். தொட்டியை வெளியே எடுத்தவுடன் குழி திறந்திருக்கும், அடிமண் கைக்கெட்டும். அப்போதே மாதிரி எடுக்காமல் குழியை மூடிவிட்டால், அதே மண்ணை எட்ட மறுபடியும் துளையிடும் இயந்திரம் வர வேண்டும். அதற்குள் கசிந்தது இன்னும் நகர்ந்திருக்கும்.