சிகிச்சையை முடிவு செய்வது யார்?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 விழுக்காடு சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 விழுக்காடு. சிக்கலான கர்ப்பங்கள் பலவும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கே அனுப்பப்படுகின்றன. கர்ப்பத்தின் சிக்கல் மட்டுமே காரணமென்றால் கணக்கு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? வலிக்குப் பயந்தும் நல்ல நேரம் பார்த்தும் அறுவையைக் கேட்கும் குடும்பங்கள் உண்டு என்பது உண்மை. சுகப்பிரசவத்துக்கு இரவெல்லாம் காத்திருக்க வேண்டும்; அறுவை குறித்த நேரத்தில் முடிகிறது, கட்டணமும் கூடுதல் என்பதும் உண்மை. எந்தத் தனி மருத்துவரையும் குற்றம் சொல்ல இந்த எண்கள் போதாது. மருத்துவம் சாராத காரணங்களும் முடிவில் புகுந்துவிட்டன என்று சந்தேகிக்கப் போதும்.

உலக மருத்துவச் சங்கம் 2008இல் சியோலில் வெளியிட்ட பிரகடனம், சிகிச்சை முடிவுகளில் அரசோ நிர்வாகமோ தேவையின்றித் தலையிடக் கூடாது என்கிறது. சிகிச்சையை முடிவு செய்யும் அந்தச் சுதந்திரம் நோயாளியின் நலனுக்காகவே மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மாதம் இத்தனை ஸ்கேன், இத்தனை அட்மிஷன் என்று டார்கெட் வைக்கும் இடத்தில் சம்பளத்துக்கு இருக்கும் மருத்துவர், ‘இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம்’ என்று எந்தத் தைரியத்தில் சொல்வார்? நோயாளியை அனுப்பிவைப்பதற்குக் கமிஷன் வாங்குவதை 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் தடை செய்கின்றன. ஆனால் அவை பதிவுபெற்ற மருத்துவரைத்தான் கட்டுப்படுத்தும். டார்கெட் வைத்த முதலாளி மருத்துவர் இல்லையென்றால் அவரை அவை தொடுவதில்லை. நெருக்கடி கொடுப்பவர் ஒருவர், தண்டனைக்கு உள்ளாகிறவர் இன்னொருவர்.

மருத்துவரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டால் தேவையில்லாத ஆன்டிபயாடிக்கும் தவறான சிகிச்சையும் பெருகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கேள்விக்கு அப்பாற்பட்ட சுதந்திரத்தை யாரும் கோரவில்லை. ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005இல் இதற்கு ஓர் எல்லை வகுத்தது: மருத்துவத் துறை ஏற்றுக்கொண்ட முறையைப் பின்பற்றியவரை, வேறொரு நல்ல வழி இருந்தது என்பதற்காக மட்டும் கவனக்குறைவுக் குற்றவாளியாக்க முடியாது. துறை ஏற்காத முறைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சிகிச்சை நெறிமுறையிலிருந்து விலகும் மருத்துவர் அதற்கான காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதட்டும். சக மருத்துவர்கள் அதை ஆராயட்டும். அங்கே பேச்சு நோயாளியின் உடலைப் பற்றியது. டார்கெட்டுக்கு நோயாளி யாரென்றே தெரியாது.

தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மருத்துவமனைகள் பதிவு பெற்றாக வேண்டும். மருத்துவர்களுக்கு வருமான இலக்கு வைக்கும் நிர்வாகத்தின் பதிவு ரத்தாகும் என்ற நிபந்தனையை அரசு அதில் சேர்க்க வேண்டும்.