ஒலியுரப்பு இயல்பாக்கம்

ஒலியுரப்பு இயல்பாக்கம் என்பது வெவ்வேறு நிகழ்படங்களின் ஒலி, கேட்போர் காதுக்கு ஏறத்தாழ ஒரே உரப்பில் அமையுமாறு அதனைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யும் செயல்முறை ஆகும். இதற்குத் தேவையான அளவீட்டைத் தரும் கருவி அல்லது மென்பொருட் பகுதி உரப்புமானி எனப்படும். நாடகத்தின் நடுவே விளம்பரம் தொடங்கியதும் ஒலியைக் குறைக்கத் தொலையியக்கியைத் தேட நேர்வது, இவ்வியல்பாக்கம் செய்யப்படாமையின் நன்கறிந்த விளைவாகும். திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றோடு நில்லாமல், திருப்பெரும்புதூர்–ஒரகடம் போன்ற தொழிற்பகுதிகளில் தொழிலாளர்களுக்குக் காட்டப்படும் பாதுகாப்புப் பயிற்சிப் படங்களுக்கும் இது பொருந்தும்.

உச்சமும் உரப்பும்

எண்ணிம ஒலியில் அடையக்கூடிய மிகப் பெரிய மதிப்பு 0 டெசிபெல் எனக் கொள்ளப்படுகிறது. மற்ற மதிப்புகள் அனைத்தும் அதற்குக் கீழே, எதிர்க்குறியுடன் எழுதப்படுகின்றன. பழைய தொகுப்பு மென்பொருள்களில் இருந்த மானிகள் பெரும்பாலும் அலையின் உச்சத்தையே காட்டின. உச்சம் எல்லையைத் தாண்டினால் அலையின் முகடு வெட்டுண்டு ஒலி சிதையும் என்பதால் அதனைக் கவனிப்பது தேவையே. ஆயினும் உச்சத்தைக் கொண்டு உரப்பை அறிய இயலாது.

உலோகத் தகட்டை அழுத்தும் இயந்திரத்தின் ஓர் அடி, ஒரு கணம் மட்டுமே நீடிக்கும் உயர்ந்த உச்சத்தைத் தருகிறது. நன்கு அழுத்திச் செறிவாக்கப்பட்ட விளம்பரக் குரலின் உச்சமும் அதே அளவினதாக இருக்கலாம். ஆனால் அக்குரலின் ஆற்றல் ஒவ்வொரு நொடியும் எல்லையை ஒட்டியே நிற்பதால் காதுக்கு அது மிக உரத்துக் கேட்கும். உச்ச இயல்பாக்கம் இவ்விரண்டையும் சமமாகக் கருதும். காது அவ்வாறு கருதாது.

மேலும், மனிதக் காது எல்லா அதிர்வெண்களையும் ஒன்றுபோல் உணர்வதில்லை. இதனை பிளெட்சர், மன்சன் ஆகியோர் 1933 இல் வெளியிட்ட சம உரப்பு வளைகோடுகள் காட்டின. 1939 இல் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்த வி.யூ. மானி, ஏறத்தாழ 300 மில்லிநொடி வேகத்தில் அசையும் முள்ளைக் கொண்டு சராசரி மட்டத்தைக் காட்டியது. அது உச்சமானியைவிட உரப்புக்கு அண்மையானது; எனினும் அதிர்வெண் வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளவில்லை.

அளவிடும் முறை

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006 இல் வெளியிட்ட பி.எஸ். 1770 என்னும் பரிந்துரையே இன்றைய உரப்புமானிகளின் அடிப்படை. இதன்படி ஒலி முதலில் 'கே' எடையிடல் எனப்படும் வடிகட்டியின் வழியே செலுத்தப்படுகிறது. இது தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்து, உயர்ந்த அதிர்வெண்களை ஏறத்தாழ 4 டெசிபெல் உயர்த்துகிறது. பின்னர் ஆற்றலின் சராசரி கணிக்கப்படுகிறது. விடை எல்.யு.எஃப்.எஸ். என்னும் அலகில் தரப்படும். எல்.கே.எஃப்.எஸ். என்று அமெரிக்க ஆவணங்கள் குறிப்பதும் இதே அலகுதான். உரப்பு அலகு ஒன்று கூடுவதும் ஒரு டெசிபெல் கூடுவதும் ஒன்றே.

மானிகள் பொதுவாக மூன்று எண்களைக் காட்டுகின்றன. கணநேர உரப்பு 400 மில்லிநொடிக்கும், குறுநேர உரப்பு 3 நொடிக்கும், தொகு உரப்பு நிகழ்ச்சி முழுமைக்கும் உரியவை. தொகு உரப்பைக் கணிக்கும்போது நீண்ட அமைதிகள் சராசரியைக் கீழிழுப்பதைத் தடுக்க, 2011 இல் 'வாயில்' முறை சேர்க்கப்பட்டது. −70 எல்.யு.எஃப்.எஸ். மதிப்புக்குக் கீழான பகுதிகள் முதலில் நீக்கப்படும். எஞ்சியவற்றின் சராசரியைவிட 10 அலகுக்கு மேல் தாழ்ந்தவை அடுத்து நீக்கப்படும். இந்த வாயில் அமைதியை மட்டுமே விலக்கும், இரைச்சலை விலக்காது என்பது பலர் கவனிக்கத் தவறும் செய்தியாகும்.

இலக்கு மதிப்புகள்

ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010 இல் ஆர் 128 பரிந்துரையின் வழியே −23 என்னும் இலக்கை வகுத்தது. மெய்யுச்சம் −1 டெசிபெலைத் தாண்டலாகாது. அமெரிக்காவில் −24 பின்பற்றப்படுகிறது. அங்கு விளம்பர உரப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2012 திசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்தது. யூடியூப், இசுபாட்டிஃபை ஆகிய இணையத் தளங்கள் ஏறத்தாழ −14 ஐ ஒட்டி ஒலியைச் சரிசெய்கின்றன. ஆகவே அதைவிட உரக்கச் செய்து பதிவேற்றுவதால் பயனில்லை, தளமே குறைத்துவிடும்.

இந்தியாவில் 1994 ஆம் ஆண்டின் கம்பிவடத் தொலைக்காட்சி விதிகளிலுள்ள விளம்பர நெறி, விளம்பரத்தின் காட்சியும் ஒலியும் மிகையாக உரத்திருத்தல் கூடாது என்கிறது. ஆனால் 'மிகை' எது என்பதற்கு அவ்விதி எண் எதையும் தரவில்லை. எண் இல்லாத இடத்தில் மானிக்கு வேலை குறைவே.

தொகுப்பு மென்பொருளில்

பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் ஆகியவற்றில் உரப்புமானி உள்ளது. கட்டற்ற மென்பொருளான எஃப்.எஃப்.எம்பெக்கில் இதற்கெனத் தனி வடிகட்டி உண்டு. ஆடாசிட்டியிலும் உரப்பு இயல்பாக்கம் செய்யலாம்.

கணக்கு எளிது. ஒரு நிகழ்படத்தின் தொகு உரப்பு −17, இலக்கு −23 எனில், 6 டெசிபெல் குறைத்தால் போதும். எதிர்த்திசையில் செல்லும்போதே சிக்கல் எழும். தொகு உரப்பு −31, மெய்யுச்சம் −5 உள்ள பதிவை −23 க்கு உயர்த்த 8 டெசிபெல் கூட்ட வேண்டும். அப்போது உச்சம் +3 ஆகி எல்லையைத் தாண்டும். எனவே முதலில் உச்சங்களை வரம்பியால் அடக்கிவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். எஃப்.எஃப்.எம்பெக்கில் இருமுறை ஓட்டுவதும் இதற்கு நிகரானதே: முதல் ஓட்டம் அளக்கும், இரண்டாவது திருத்தும்.

தொழிற்சாலைச் சூழலில்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் 1998 இல் இயுண்டாய் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010 இலும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013 இலும் இயங்கத் தொடங்கின. இத்தொழில்வழியின் தொழிலாளர்கள் பல மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். இத்தகைய பணியிடங்களுக்கான ஒரே பாதுகாப்புப் படம் தமிழ், இந்தி எனப் பல குரல்பதிவுகளுடன் ஆக்கப்படும்போது, ஒவ்வொரு பதிவும் ஒவ்வோர் அறையில், ஒவ்வொரு ஒலிவாங்கியில் எடுக்கப்பட்டிருக்கும். அவற்றைச் சமப்படுத்தாவிடில் ஒரு மொழியினருக்கு எச்சரிக்கை தெளிவாகவும், மற்றொரு மொழியினருக்கு மங்கலாகவும் கேட்கும்.

இங்கு தொகு உரப்பை மட்டும் நம்புவது தவறான முடிவைத் தரலாம். இயந்திரக் கூடத்தில் எடுத்த காட்சியில் பின்னணி இரைச்சல் இடைவிடாது இருப்பதால் வாயில் அதனை நீக்காது. மானி குரலை அன்று, இரைச்சலையே பெரும்பாலும் அளக்கிறது. முழுக் கலவையையும் இலக்குக்குக் கொண்டுவந்தால் குரல் உரியதைவிடத் தாழ்ந்துவிடும். குரல் தடத்தைத் தனியே அளந்து நிலைப்படுத்திய பின், இரைச்சலை அதற்குக் கீழே அமைப்பதே தக்க முறை. நெட்ஃபிளிக்சு நிறுவனம் தன் இலக்கான −27 ஐ உரையாடலை மட்டும் அளந்து கணிக்குமாறு கேட்பதும் இதையொத்த காரணத்தினாலேயே.

உரப்புமானியின் எண்ணையும் தொழிற்கூட இரைச்சல்மானியின் எண்ணையும் ஒப்பிடுதல் கூடாது. முன்னது கோப்பின் முழு அளவை ஒப்பிட்டது. பின்னது காற்றின் அழுத்தத்தை 20 மைக்ரோபாசுகலுடன் ஒப்பிட்டு, 'ஏ' எடையிடலுடன் தரப்படுவது. எனினும் ஏறி இறங்கும் ஒலியின் ஆற்றலைச் சராசரியாக்கி ஒரே எண்ணால் குறிக்கும் எண்ணம் இரண்டுக்கும் பொது. இரைச்சல் அளவீட்டின் சமான மட்டம் என்னும் கருத்திலிருந்தே பி.எஸ். 1770 இன் கணிப்பு வளர்ந்தது.

இந்தியத் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேரப் பணிக்கு 90 டெசிபெல் 'ஏ' எல்லையாக உள்ளது. ஒரு மீட்டர் தொலைவில் இயல்பான பேச்சு 60 முதல் 65 டெசிபெல் அளவினதே. 85 டெசிபெல் இரைச்சலுள்ள கூடத்தில், சரியாக இயல்பாக்கம் செய்த படத்தின் குரலும் இயல்பான பேச்சளவில் ஒலித்தால் மறைக்கப்பட்டுவிடும். அங்கு ஒலிபெருக்கியைக் கூட்டுவது தொழிலாளர் காதில் விழும் மொத்த ஒலியையே கூட்டுகிறது. ஆகவே இத்தகைய படங்களை அமைதியான அறையில் காட்டுவதும், முக்கிய எச்சரிக்கைகளைத் திரையில் எழுத்தாகவும் தருவதும் நல்லது.