அத்தை ஹோட்டலில் சாப்பிட்டாள்

எங்கள் அத்தைக்கு எண்பது வயது. அந்த எண்பது வருஷத்தில் அவள் ஹோட்டலில் கை நனைத்ததே இல்லை. ரயிலேறினால் புளியோதரையும் தயிர் சாதமும் கூடவே ஏறும். கல்யாண வீட்டில்கூட, "சமையல் யாரு?" என்று விசாரித்த பிறகுதான் இலையில் உட்காருவாள். அவள் சிறு வயதில் பார்த்த கும்பகோணத்து ஹோட்டல்களில் பெண்களுக்கென்று தனியாகத் திரை தொங்கும் ஓர் அறை உண்டாம். "திருட்டுத்தனமா உள்ளே போய் ஒளிஞ்சுண்டு ஒரு தோசை தின்னணுமா?" என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்ட அத்தை சென்ற வருஷம் என்னோடு பத்து நாள் இருக்க மும்பைக்கு வந்தாள். (பம்பாய் என்றால்தான் அவளுக்குப் புரியும். 1995-ல் பெயர் மாறியதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை.) அத்திம்பேர் போய் மூன்று வருஷமாகிறது. அவளோ இளைத்துத் துரும்பாய் வந்து நின்றாள். மெல்ல விசாரித்ததில் உண்மை வெளிவந்தது. பருப்புப் பொடி, ஒரு கரண்டி சாதம், மோர். "ஒருத்திக்கு என்னடி சமையல்?" என்றாள்.

நான்காம் நாள் எங்கள் கட்டடத்துக் காஸ் குழாயில் ஏதோ பழுது. சாயங்காலம் வரை அடுப்பு எரியாது. "பழம் இருக்கு, போதும்" என்றாள் அத்தை. நான் விடவில்லை. "கீழே இறங்கினால் ஐந்து நிமிஷம். நம்ம மாதுங்கா, அத்தை!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

மாதுங்காவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 1896-ல் பம்பாயைப் பிளேக் உலுக்கியது. நெரிசலைக் குறைப்பதற்காக ஏற்பட்ட நகர அபிவிருத்தி டிரஸ்ட், தாதரையும் மாதுங்காவையும் திட்டம் போட்டு விரிவாக்கியது. சுருக்கெழுத்தும் டைப்பும் கற்றுக்கொண்டு ரயிலேறி வந்த நம்மவர்கள் இங்கே வந்து நிலைத்தார்கள். குமாஸ்தாக்கள் வந்த இடத்துக்குச் சோறும் வந்துதானே ஆக வேண்டும்? உடுப்பிக்காரர்கள் வந்தார்கள். காபே மெட்ராஸ் 1940-ல் தொடங்கியது. ராம நாயக்கின் கிருஷ்ணா போர்டிங் 1942-ல். யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த நாளில் துணிந்து ஆரம்பித்த இரண்டும் இன்றைக்கும் நடக்கின்றன. பூக்கடை, வாழையிலை, கோயில் எல்லாம் அங்கேயே உண்டு. மல்லிகைச் சரத்தைக் கண்டதும் அத்தையின் முகம் சற்றே தளர்ந்தது.

நாங்கள் போனது பெரிய பெயரில்லாத ஒரு சின்ன இடம். எட்டே மேஜை. கல்லாவில் பணத்தைக் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் காத்திருக்க வேண்டும். காத்திருந்த நேரத்தில் அத்தை உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"சமைக்கிறது எல்லாம் ஆம்பிளைகளா?"

"இங்கே அப்படித்தான். ஆனால் ஊரெல்லாம் அப்படி இல்லை, அத்தை" என்று கானாவள்களைப் பற்றிச் சொன்னேன். பருத்தி மில்கள் ஓடிய காலத்தில், குடும்பத்தைக் கிராமத்தில் விட்டுவிட்டு வந்த தொழிலாளிகளுக்கு, பரேல் பக்கத்துப் பெண்கள் தங்கள் ஒற்றை அறை வீட்டில் சமைத்துப் போட்டார்கள். மாசக் கணக்கு. சம்பள நாளன்றுதான் பணம் வரும். அதுவரை அரிசிக்கும் பருப்புக்கும் வட்டிக்காரனிடம் கை நீட்ட வேண்டும். பிரேமா புராவ் என்ற அம்மையார் 1975-ல் அந்தப் பெண்களை அன்னபூர்ணா மகிளா மண்டலாகத் திரட்டி, வங்கிக் கடனுக்கு வழி செய்தார். 1982-ல் பெரிய மில் வேலைநிறுத்தம் வந்தது. பல மில்கள் மறுபடி எழுந்திருக்கவே இல்லை. சாப்பிட வந்தவர்கள் போனால் சமைத்தவள் என்ன ஆவாள் என்பதைக் கணக்குப் புஸ்தகங்களில் யாரும் எழுதுவதில்லை.

அத்தை ஒன்றே ஒன்று கேட்டாள்: "ஒருத்தி எத்தனை பேருக்குச் சமைப்பாள்?"

"இருபது, முப்பது பேருக்குக்கூட."

"அம்மாடி! ஒத்தை அறையிலா?"

அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது. எதிர் நாற்காலிகளில் ஒரு குஜராத்தி தம்பதி. முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேஜையில் உட்கார அத்தை தயங்கினாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே தண்ணீர்ச் சொம்பை இவள் பக்கம் நகர்த்தினாள். தயக்கம் பாதி போயிற்று.

இலையில் தண்ணீர் தெளித்ததும் உப்பு, ஊறுகாய், கோசும்பரி, பொரியல் வந்தன. அடுத்தது பூரி! "சாதத்துக்கு முன்னாலே இது எதுக்கு?" என்று அத்தை புருவத்தைத் தூக்கினாள். குஜராத்தி வாடிக்கையாளர்களுக்காக ஏற்பட்ட வழக்கம். இப்போது நம்மவர்களும் விடுவதில்லை. சாம்பாரைத் தொட்டுவிட்டு, "வெல்லம் போட்டிருக்கான்" என்று தீர்ப்புச் சொன்னாள். உடுப்பிச் சாம்பார் அப்படித்தான். வெங்காயம், பூண்டு கிடையாது என்று தெரிந்ததும் இன்னும் ஒரு கைப்பிடி பிசைந்துகொண்டாள்.

பிறகுதான் ரசம் வந்தது. கைக்குழியில் வாங்கி ஒரு வாய் குடித்தாள். பேசவில்லை. மறுபடி கையை நீட்டினாள். பரிமாறிய பையனுக்குத் தாய்மொழி துளு. ஆனால் மாதுங்காவில் வேலை பார்த்தால் நாலு வார்த்தை தமிழ் ஒட்டிக்கொள்ளாதா? "இன்னும் சாதம் வேணுமா, அம்மா?" என்றான். "போடு" என்றாள் அத்தை. என் காதில் விழுந்ததை நானே நம்பவில்லை. இரண்டாம் தடவை ரசம் சாதம், பிறகு மோர் சாதம். இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

இலையை மடித்ததும் ஒரு காரியம் நடந்தது. அத்தை எழுந்து, பழக்கதோஷம், அந்த இலையைக் கையில் எடுத்துக்கொண்டாள்! குனிந்து, மேஜையில் சிந்தியிருந்ததையும் வழிக்கப் போனாள். பையன் பதறி ஓடிவந்தான்.

"விடுங்க, அம்மா! நான் எடுப்பேன்."

அத்தை இலையை விட்டுவிட்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பதினெட்டு வயதில் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து எத்தனை ஆயிரம் இலைகளை எடுத்திருப்பாள்! அவள் சாப்பிட்ட இலையை இன்னொருவர் எடுத்து அன்றுதான் பார்க்கிறாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்ததா, மிளகு ரசத்தின் வேலையா, நான் கேட்கவில்லை.

"நீ சாப்பிட்டாயாப்பா?" என்று அவனைக் கேட்டாள்.

"மூணு மணி ஆகும், அம்மா" என்றான் அவன், அடுத்த இலையைப் போட்டுக்கொண்டே.

கீழே வந்து காபி குடித்தோம். வீடு திரும்புகிற வழியில் சாப்பாட்டின் விலையைக் கேட்டுவிட்டு, "அநியாயம்!" என்றாள். அந்த விலைக்கு எத்தனை படி அரிசி வாங்கலாம் என்று கணக்கும் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காஸ் வந்துவிட்டது. பதினொரு மணிக்கு நான் குக்கரை எடுத்து வைக்கப் போனேன். அத்தை தலை வாரி, புடவை மாற்றிக்கொண்டு கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி, அங்கே தினமும் மிளகு ரசம்தானா, இல்லை, வேறே ஏதாவது மாத்துவானா?" என்றாள்.