தேடாமலே கிடைக்கும் விடை

தரைவழித் தொலைபேசி எண்ணுக்கு முன்னால் எஸ்.டி.டி. எண் ஒன்று இருக்கும். சென்னைக்கு 044, கோவைக்கு 0422, மதுரைக்கு 0452. இந்த எண்ணைக் கொடுத்தால் ஊர்ப் பெயரைச் சொல்லும்படி கணினியைப் பழக்குவோமா?

முதலில் ஒரு கோப்பு வேண்டும். நோட்பேடைத் திறந்து, வரிக்கு ஓர் ஊராக '044,சென்னை', '0422,கோவை', '0452,மதுரை' என்று தட்டச்சு செய்து சேமியுங்கள். எண்ணையும் ஊரையும் பிரிப்பது நடுவிலுள்ள அந்தக் காற்புள்ளிதான்.

அடுத்தது பைத்தான் மொழியில் ஒரு குட்டி நிரல். அது கோப்பை வரிவரியாகப் படிக்கும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'அடுத்த வரிக்குப் போ' என்னும் குறி கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நீக்கிவிட்டு, காற்புள்ளி இருக்கும் இடத்தில் வரியை இரண்டாக வெட்டும். இடப்பக்கத் துண்டு சாவி. வலப்பக்கத் துண்டு விடை. இரண்டையும் ஜோடியாக 'டிக்ஷனரி' என்ற அட்டவணையில் போட்டு வைக்கும்.

ஓர் எச்சரிக்கை: சாவியை எழுத்துகளாகவே வைத்திருங்கள். அதை எண்ணாக மாற்றினால் முன்னாலுள்ள சுழி காணாமல் போய், 044 வெறும் 44 ஆகிவிடும். பிறகு '044' என்று கேட்டால், அப்படி ஒரு சாவியே இல்லை என்று பைத்தான் கைவிரித்துவிடும்.

ஆயிரம் ஊர்கள் இருந்தாலும் விடை சட்டென்று வருகிறதே, எப்படி? கணினி முதல் வரியிலிருந்து தேடிக்கொண்டே போவதில்லை. சாவியை வைத்து ஒரு கணக்குப் போட்டு, விடை இருக்கும் இடத்தையே கண்டுபிடித்துவிடுகிறது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1953இலேயே இந்த யோசனையை எழுதி வைத்தார்.

நாமும் போட்டுப் பார்ப்போம். 0 முதல் 6 வரை எண்ணிட்ட ஏழு பெட்டிகள் இருக்கின்றன. இந்தக் கணக்குக்கு மட்டும் சாவியை எண்ணாகக் கொள்வோம்; அதை 7ஆல் வகுத்தால் வரும் மீதிதான் பெட்டி எண். 452ஐ வகுத்தால் மீதி 4. மதுரை நாலாம் பெட்டிக்குப் போகிறது. 44க்கு மீதி 2. சென்னை இரண்டாம் பெட்டிக்கு. 422க்கும் மீதி 2! கோவைக்கு இடமில்லையே? அப்போது ஒரு விதிப்படி வேறொரு காலிப் பெட்டியில் வைப்பார்கள். தேடும்போதும் அதே விதியைப் பின்பற்றினால் கோவை அகப்பட்டுவிடும். பைத்தான் போடும் கணக்கு இதைவிடச் சிக்கலானது. ஆனால் அடிப்படை இதுதான்.

செய்து பாருங்கள்: சேலம் 0427, திருநெல்வேலி 0462. இரண்டையும் கோப்பில் சேருங்கள். நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். நம் ஏழு பெட்டிக் கணக்கின்படி இந்த இரண்டு ஊர்களும் எந்தப் பெட்டிக்குப் போகும்?