கணவாய்க்கு அப்பால் ஒரு நாள்: கயத்தாற்றிலிருந்து மலைநாட்டுக்கு

தூத்துக்குடி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மதுரை–திருநெல்வேலி நெடுஞ்சாலையில் அமைந்துள்ள கயத்தாறு, 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் என்ற வகையில் தமிழகம் முழுவதும் அறியப்பட்டிருந்தாலும், அதன் அன்றாட வாழ்வை ஆள்வது வரலாறு அன்று, காற்றே ஆகும். ஊரார் காத்தாடி என்று அழைக்கும் காற்றாலைகள் கரிசல் நிலமெங்கும் நிற்பதற்கும், தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் தன் காற்றாலைச் சோதனை நிலையத்தை இங்கே அமைத்ததற்கும் காரணம் ஒன்றே. கயத்தாற்றுக்கு ஏறக்குறைய நேர் மேற்கே, வான்வழியில் சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து ஒரு வழி விடுகிறது. ஆரியங்காவுக் கணவாய் என்றும் செங்கோட்டைக் கணவாய் என்றும் வழங்கும் அந்த இடைவெளியில்தான், மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, மலையின் மேற்குச் சரிவில் தன் ஈரத்தின் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு, நெருக்கப்பட்டு வேகம் கூடிக் கிழக்கே பாய்கிறது. கயத்தாற்றுக்கு அந்த மழை கிடைப்பதில்லை, காற்று மட்டும் கிடைக்கிறது. ஊரின் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்தே வர வேண்டும்.

அந்தக் காற்று வரும் திசையிலேயே எதிரே சென்று, கணவாயைக் கடந்து, மறுபக்கத்து மலைநாட்டைப் பார்த்துவிட்டு அன்றிரவே வீடு திரும்புவது கயத்தாற்றுக்காரர் ஒருவருக்கு முழுவதும் இயலக்கூடிய காரியம். இமயமலையின் பூட்டானுக்கு எல்லை நகரமான ஜெய்காவிலிருந்து காலையில் நுழைந்து மாலையில் திரும்புவோர் உண்டு. அத்தகைய எல்லை கடக்கும் இன்பத்தின் தென்னாட்டு வடிவமாக இப்பயணத்தைக் கொள்ளலாம். இங்கே கடவுச்சீட்டும் வேண்டாம், அடையாள அட்டை காட்டி நிற்கும் வரிசையும் வேண்டாம்.

ஆயினும் இந்த எல்லை எக்காலமும் இவ்வளவு எளிதாக இருந்ததில்லை. சேரநாட்டை மலைநாடு என்று குறிப்பது பழைய மரபு. பிற்காலத்தில், கணவாயின் இருபுறமும் பரவியிருந்த இளயிடத்து சுவரூபம் என்ற சிற்றரசு, கொட்டாரக்கரையைத் தலைமையிடமாகக் கொண்டு, செங்கோட்டைப் பகுதியையும் ஆண்டு வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மார்த்தாண்ட வர்மர் அதனைத் திருவிதாங்கூருடன் இணைத்துக்கொண்ட பின், மலைக்குக் கிழக்கே சமவெளியில் இருக்கும் செங்கோட்டையும் திருவிதாங்கூர் ஊராயிற்று. ஆகவே திருநெல்வேலிச் சீமையிலிருந்து புறப்பட்ட வணிகர், மலையடிவாரத்தை எட்டும் முன்பே வேறொரு நாட்டின் எல்லைக்குள் நுழைந்தார். சுங்கச் சாவடியில் சரக்குக்குத் தீர்வை கட்டினார். 1865-இல் பிரிட்டிஷ் இந்தியாவும் திருவிதாங்கூரும் கொச்சியும் செய்துகொண்ட வணிக உடன்பாடு அந்தத் தீர்வைகளில் பெரும்பாலானவற்றை நீக்கியது.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது செங்கோட்டை வட்டம் பிளக்கப்பட்டு, கிழக்குப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது; ஆரியங்காவு கேரளத்தில் நின்றது. தென்காசியிலிருந்து வருகையில் செங்கோட்டைக்கு முன்பே வரும் பிரானூரை மக்கள் இன்றும் பார்டர் என்றே சொல்வது, எல்லை மேற்கே நகர்ந்த பின்னும் பழைய கோடு நாவில் தங்கிவிட்டதையே காட்டுகிறது. 1911 ஜூன் 17 அன்று, கயத்தாற்றுக்கு அருகிலுள்ள மணியாச்சி ரயில் சந்திப்பில் ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனும் செங்கோட்டைக்காரரே, அதாவது திருவிதாங்கூரின் குடியே. கணவாய்க்கு அப்பால் புனலூரில் அந்நாட்டு வனத்துறையில் பணியாற்றியவர். அக்கால எல்லை மனிதர்களை எவ்வளவு குறைவாகப் பிரித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பயணத்தைத் திட்டமிடுவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது மாதம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சாரல் காலமாதலால் தென்காசி வட்டாரச் சாலைகளும் விடுதிகளும் நெரிசலில் திணறும். ஆனால் மலையின் இரு பக்கங்களுக்கும் இடையிலான வேற்றுமை மிகக் கூர்மையாகத் தெரிவதும் அப்போதுதான். புழுதி பறக்கும் கரிசலில் புறப்பட்டு, மூன்று மணி நேரத்துக்குள் மழை சொட்டும் காட்டுக்குள் இறங்கும் அனுபவம் வேறு மாதங்களில் வாய்ப்பதில்லை. கார்த்திகை பிறந்தது முதல் தை மாதம் வரை ஐயப்ப பக்தர்களின் வாகனங்களால் கணவாய்ச் சாலை நிரம்பி வழியும். கோயில்களை நாடாதவர் அந்த வாரங்களைத் தவிர்ப்பது நல்லது. கோடையில் அருவிகள் வற்றிவிடும். எனவே சாரல் ஓய்ந்து கூட்டம் கலைந்திருக்கும் செப்டம்பர் மாதமே, குடும்பத்துடன் செல்வோருக்குப் பொருத்தமானது.

அடுத்தது வழி. கயத்தாற்றில் ரயில் நிலையம் இல்லை. அருகிலிருப்பது போளிக்குப் பெயர்பெற்ற கடம்பூர். தூத்துக்குடியிலிருந்து பாலக்காடு வரை செல்லும் பாலருவி விரைவு வண்டி இம்மலைப்பாதையில்தான் ஓடுகிறது என்றாலும், எந்த அருவியின் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்த அருவி உள்ள காட்டை இரு திசையிலும் நள்ளிருளிலேயே கடந்துவிடுவதால், ஊர் பார்க்கப் புறப்பட்டவருக்கு அதனால் பயனில்லை. எனவே போகும்போது சாலை, திரும்பும்போது ரயில் என்று வைத்துக்கொள்வதே அறிவுடைமை. காலை ஐந்தரை மணிக்குள் புறப்பட்டு, திருநெல்வேலி, ஆலங்குளம் வழியாகவோ, தேவர்குளம் வழியாக மேற்கே செல்லும் ஊர்ச்சாலைகளிலோ தென்காசியை அடையலாம். பேருந்தை நம்பியவர் முதல் வழியைக் கொள்வதே நலம். தென்காசியிலிருந்து புனலூர், கொல்லம் செல்லும் பேருந்துகள் இரு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களாலும் இயக்கப்படுகின்றன. தென்காசியில் அரை மணி நேரம் ஒதுக்க இயலுமானால், 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாசலைத் தாண்டி உள்ளே நடக்கும்போது, எதிரே வந்து முகத்தில் மோதும் காற்றை உணரலாம். கயத்தாற்றுக் காத்தாடிகளைச் சுழற்றும் அதே கணவாய்க் காற்றுதான் அது.

செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை வந்ததும் வயல்கள் முடிந்து ஏற்றம் தொடங்குகிறது. எஸ் வளைவு என்று ஓட்டுநர்கள் குறிப்பிடும் திருப்பங்களில், கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் காய்கறியும் ஏற்றிச் செல்லும் லாரிகள் ஊர்ந்து செல்வதால் முந்த முயல்வது ஆபத்து. இந்தச் சில கிலோமீட்டர்களுக்கு நேரத்தைத் தாராளமாகக் கணக்கிட வேண்டும். சொந்த வாகனத்தில் செல்வோருக்கு எல்லையில் தனி அனுமதி எதுவும் தேவையில்லை. வாடகை வண்டியாயின், மாநிலங்களுக்கு இடையிலான உரிமமும் கேரளத்துக்கான வரியும் முன்கூட்டியே செலுத்தப்பட்டிருக்கின்றனவா என்பதை ஓட்டுநரிடம் புறப்படும் முன்பே கேட்டுக்கொள்வது, சோதனைச் சாவடியில் வீணாகும் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

கோட்டவாசலில் மாநில எல்லை கடந்ததும் நீரின் போக்கே மாறுகிறது. இதுவரை ஓடைகள் சிற்றாற்றில் கலந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து, முத்துக்குளித்துறைக் கடலை நோக்கிச் சென்றன. இனி அவை கல்லடையாற்றில் இறங்கி, அஷ்டமுடிக் காயல் வழியே அரபிக்கடலை அடைகின்றன. மொழி அவ்வாறு சட்டென்று மாறுவதில்லை. ஆரியங்காவில் தமிழும் மலையாளமும் ஒரே கடையில் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசப்படுகின்றன. அங்குள்ள சாஸ்தா கோயிலில், மார்கழியில் மண்டல பூஜையையொட்டி நடைபெறும் திருக்கல்யாணத்துக்கு மதுரையைச் சேர்ந்த சௌராஷ்டிர மக்கள் மணப்பெண் வீட்டாராக வந்து சீர் செய்வது நெடுநாளைய வழக்கம். கேரளக் கோயில் ஒன்றின் இறைவனுக்குத் தமிழகத்து நெசவாளர் சமூகம் சம்பந்தி ஆவதை மாநில எல்லை இன்றளவும் தடுத்ததில்லை.

பாலருவிக்கு ஆரியங்காவிலிருந்தே பிரிய வேண்டும். சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் இவ்வருவிக்கு, நுழைவாயிலில் சீட்டுப் பெற்று வனத்துறை வாகனத்தில்தான் காட்டுக்குள் செல்ல முடியும். நீர்ப்பெருக்கு மிகுந்தால் மூடிவிடுவார்கள், குறைந்தாலும் மூடிவிடுவார்கள். முதல் நாளே விசாரித்துக்கொள்வது அவசியம். அருவி மூடியிருந்தால் வருந்த வேண்டியதில்லை, நேரே தென்மலைக்குச் செல்லலாம். இந்தியாவின் முதல் திட்டமிட்ட சூழல் சுற்றுலா மையம் என்று அறிமுகப்படுத்தப்பட்ட தென்மலையில், அதாவது காட்டுக்குப் பெருந்தீங்கு நேராத வகையில் பயணிகளை அனுமதிக்கும் ஏற்பாடு உள்ள ஊரில், கல்லடைப் பாசனத் திட்டத்தின் பரப்பாறு அணையும், அதன் நீர்த்தேக்கத்தில் படகுப் பயணமும், மான் மறுவாழ்வு மையமும் உண்டு. நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்துள்ள செந்துருணி வன உயிரினச் சரணாலயம் 1984-இல் அமைக்கப்பட்டது. இம்மலைகளுக்கே உரிய செங்குறிஞ்சி மரத்தால் அப்பெயர் பெற்றது. கட்டணம் செலுத்தி ஏறும் கம்பிப் பாலங்கள், சாகச விளையாட்டுகள் ஆகியவற்றில் பாதி நாளைக் கழிப்போர் பலர். அவற்றை விட்டுவிட்டுப் படகில் ஏறுவதே இந்தக் காட்டை உள்ளபடி காட்டும்.

திரும்பும் ரயிலைப் பொறுத்தே மற்ற நேரங்கள் அமைய வேண்டும். கொல்லம்–செங்கோட்டை மீட்டர்கேஜ் பாதை 1904-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. மலைநாட்டின் விளைபொருள்களைக் கிழக்கே கொண்டு செல்ல வழியமைத்த அப்பாதையின் மலைப்பகுதி, அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010-இல் மூடப்பட்டு 2018-இல் மீண்டும் திறக்கப்பட்டது. பிற்பகலில் கிழக்கு நோக்கி வரும் கொல்லம்–சென்னை, குருவாயூர்–மதுரை விரைவு வண்டிகள் இம்மலையைப் பகல் வெளிச்சத்தில் கடக்கின்றன. கால அட்டவணை அவ்வப்போது மாறுவதால் நிற்கும் நிலையங்களையும் நேரத்தையும் புறப்படும் வாரத்தில் சரிபார்க்க வேண்டும். ஏற்றம் கடினமாதலால் வண்டியின் பின்புறமும் ஒரு இன்ஜின் இணைக்கப்பட்டுத் தள்ளுகிறது. கழுதுருட்டி அருகே, கருங்கல்லால் கட்டப்பட்ட பதிமூன்று கண் பாலத்தை வண்டி கடக்கும்போது கீழே சாலையும் அதற்கு அப்பால் ஆறும் ஒன்றாகத் தெரியும். பிறகு அடுத்தடுத்துக் குகைப்பாதைகள். ஆரியங்காவுக்கும் பகவதிபுரத்துக்கும் இடையிலுள்ள நீண்ட குகையில் ஈரமான இருளோடு நுழையும் வண்டி, வெளியே வரும்போது தமிழகத்தின் வெயிலில் நிற்கும். சன்னலோர இருக்கைக்காகப் பலர் முன்கூட்டியே வந்து காத்திருப்பது இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். சொந்த வாகனத்தில் வந்தவர்கள், ஓட்டுநரைச் சாலை வழியே அனுப்பிவிட்டுக் குடும்பத்தை ரயிலில் ஏற்றுவதும் நடைமுறையில் காணப்படுகிறது.

புனலூரில் கல்லடையாற்றின் மீது ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் அமைத்த, 1877-இல் நிறைவுற்ற தொங்கு பாலத்தையும் அதே நாளில் பார்த்துவிட விரும்புவோர், பாலருவியையோ படகையோ கைவிட வேண்டியிருக்கும். குளத்துப்புழை, அச்சன்கோவில் ஆகிய மற்ற சாஸ்தா தலங்களை இதனுடன் சேர்ப்பதோ, குற்றாலத்தில் ஒரு குளியலைத் திணிப்பதோ, பயணத்தை வண்டிக்குள்ளேயே முடித்துவிடும்; அவை தனி நாளுக்குரியவை. செங்கோட்டையில் மாலையில் இறங்குவோர் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் உண்ணாமல் திரும்புவது அரிது. கடைகளில் இரவு ஏற ஏறக் கூட்டம் கூடுவதால், ஏழு மணிக்குள் அமர்ந்துவிட்டால் பத்து மணிக்குக் கயத்தாறு வந்து சேரலாம்.