வீட்டு மருத்துவக் கழிவு: மறுசுழற்சிப் பையில் எது சேரலாம், எது சேரக்கூடாது?

நெடுநாள் நோயுள்ள ஒருவர் இருக்கும் வீட்டிற்குள் மருந்துகளும் கருவிகளும் வருகின்றன. அவற்றின் மிச்சங்கள் நாள்தோறும் வீட்டை விட்டு வெளியே செல்கின்றன. நாளொன்றுக்கு இருமுறை புதிய ஊசியில் இன்சுலின் செலுத்திக்கொள்ளும் ஒருவரிடம் மாதத்திற்கு 60 ஊசிகள் சேரும். வீட்டிலேயே வயிற்றறை வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர் நாளொன்றுக்கு மூன்று முறை திரவம் மாற்றினால், மாதத்திற்கு ஏறத்தாழ 90 திரவப் பைகள் காலியாகும். இவற்றுடன் அட்டைப்பெட்டி, மருந்துப் புட்டி, மாத்திரை அட்டை, பஞ்சு, டயப்பர் ஆகியனவும் உண்டு.

இவற்றுள் ஒரு பகுதி மறுசுழற்சிக்கு உரியது. மற்றொரு பகுதி அதனுடன் கலந்தால், குப்பையைக் கையால் பிரிப்பவருக்குத் தீங்கு நேரும். இரண்டையும் பிரித்தறியும் முறையை நோயாளிகளுக்கும் பராமரிப்பவர்களுக்கும் இப்பக்கம் விளக்குகிறது.

இது ஏன் முக்கியம்?

திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஆர்.கே.பேட்டை, விசைத்தறிகள் நிறைந்த ஊர்; ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். தமிழகத்தின் ஊராட்சிகளில் வீடுவீடாகக் குப்பை சேகரிப்பவர்கள் தூய்மைக் காவலர்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை எனப் பெற்று, மக்காத குப்பையிலிருந்து விற்பனைக்கு உரியவற்றை அவர்கள் கையால் பிரித்தெடுக்கின்றனர்.

காகிதத்திற்கும் நெகிழிக்கும் இடையே மூடியில்லாத ஓர் ஊசி கிடந்தால், அதை முதலில் தொடுவது அந்தக் கைதான். ஊசிக்குத்தால் கல்லீரல் அழற்சி பி, கல்லீரல் அழற்சி சி, எச்.ஐ.வி. ஆகிய தொற்றுகள் பரவக்கூடும். கல்லீரல் அழற்சி பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்புடன் இருக்கும். ஆகவே இரத்தம் காய்ந்துவிட்டது என்பதால் ஊசி தீங்கற்றதாகி விடாது. தமக்குத் தொற்று ஏதும் இல்லை என்று உறுதியாக அறிந்தவரும் ஊசியைத் தனியே வைக்க வேண்டும். குத்துப்பட்டவருக்கு அந்த ஊசி யாருடையது என்பது தெரியாது.

விதிகள் கூறுவது என்ன?

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டுக் குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரிக்குமாறு வகுத்தன. காலாவதியான மருந்து, பயன்படுத்திய ஊசி, சிரிஞ்சு, உடைந்த பாதரச வெப்பமானி, கறைபட்ட கட்டுத்துணி ஆகியவை மூன்றாம் வகையில் அடங்கும். ஒவ்வொரு 20 சதுர கிலோமீட்டர் பரப்பிற்கும் ஓர் அபாயக் கழிவு ஒப்படைப்பு மையம் அமைய வேண்டும் என்றும் அவ்விதிகள் குறிப்பிட்டன.

மருத்துவமனையில் மறுசுழற்சி ஆவது வீட்டில் ஏன் ஆகாது?

குளுக்கோஸ் குழாய், சிறுநீர்ப் பை போன்ற நெகிழிப் பொருட்கள் மருத்துவமனைகளில் சிவப்புப் பையில் சேர்க்கப்படுகின்றன. அவை பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உயர் அழுத்த நீராவியால் கிருமி நீக்கம் செய்யப்பட்டு, துண்டு துண்டாக வெட்டப்பட்ட பின்னரே மறுசுழற்சிக்குச் செல்கின்றன. வீட்டிலிருந்து நேரடியாகக் காயலான் கடைக்குச் செல்லும் குழாய் இந்த இரு படிகளையும் கடப்பதில்லை. எனவே பொருள் ஒன்றே ஆயினும், வீட்டில் அதை மறுசுழற்சிப் பையில் இடக்கூடாது.

மறுசுழற்சிப் பையில் சேரக்கூடியவை

• மருந்துகளின் வெளி அட்டைப்பெட்டிகள், உள்ளிருக்கும் விளக்கத் தாள்கள்
• கழுவி உலர்த்திய சத்துமாவு டப்பாக்கள், காலியான மருந்துப் புட்டிகள்
• டயாலிசிஸ் திரவப் பைகள் வந்த அட்டைப்பெட்டி, உடலோடும் திரவத்தோடும் தொடர்புபடாத தூய வெளியுறை

நோயாளியின் பெயரும் நோயின் பெயரும் உள்ள சீட்டுகளைக் கிழித்த பின்னர் இடுக. ஒருவரின் உடல்நிலை குப்பை வழியாகப் பிறருக்குத் தெரிய வேண்டியதில்லை.

காலியான மாத்திரை அட்டைகளை மக்காத குப்பையில் இடலாம். அலுமினியமும் நெகிழியும் ஒட்டியிருப்பதால் அவற்றை மறுசுழற்சி செய்வது கடினம். பழைய பொருள் வாங்குவோர் பெரும்பாலும் ஏற்பதில்லை.

தனியே வைக்க வேண்டியவை

1. கூர்மையானவை: இன்சுலின் ஊசி, இன்சுலின் பேனாவின் ஊசிமுனை, சர்க்கரை அளவு பார்க்கும் குத்தூசி ஆகியவற்றைப் பயன்படுத்திய உடனே, திருகு மூடியுள்ள தடித்த நெகிழிப் புட்டியில் இட வேண்டும். துணி துவைக்கும் திரவம் வந்த புட்டி பொருத்தமானது. மெல்லிய தண்ணீர்ப் புட்டியை ஊசி துளைத்துவிடும். ஊசியை வளைக்கவோ முறிக்கவோ கூடாது. புட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி, ஒட்டுநாடா சுற்றி, “ஊசி – திறக்க வேண்டாம்” என்று எழுதுக. ஆர்.கே.பேட்டை போன்ற எல்லையூர்களில் தெலுங்கிலும் எழுதுவது நன்று. புட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.

2. டயப்பர், கறைபட்ட பஞ்சு, கட்டுத்துணி: டயப்பரில் உள்ள மலத்தைக் கழிப்பறையில் இட்ட பின், சுருட்டிச் செய்தித்தாளில் பொதிந்து, மேலே சிவப்பு மையால் பெரிய புள்ளி ஒன்று இடுக. பெங்களூரு, புனே நகரங்களில் இவ்வழக்கம் பரப்பப்பட்டுள்ளது. பொதியைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை என்பதை எழுத்தறியாதவருக்கும் அப்புள்ளி உணர்த்தும்.

3. டயாலிசிஸ் பைகளும் குழாய்களும்: வெளியேறிய திரவத்தைக் கழிப்பறையில் ஊற்றி, காலிப் பையை முடிச்சிட்டு, கசியாத மற்றொரு பையில் கட்டுக. ஒப்படைக்கும் முறையைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனையில் கேட்டறிக.

4. காலாவதியான மருந்துகள்: கழிவுநீர்க் குழாயில் ஊற்றக்கூடாது, பிறருக்கு அளிக்கவும் கூடாது. நீரில் கலக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகக் காரணமாகின்றன.

எதையும் எரிக்கக் கூடாது. திரவப் பைகளில் உள்ள பி.வி.சி. நெகிழி எரியும்போது டையாக்சின் என்னும் நச்சு உண்டாகிறது. இழுப்பு மருந்துக் குப்பிகள் வெப்பத்தில் வெடிக்கக்கூடும்.

யாரிடம் ஒப்படைப்பது?

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ் நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளும், தேவைப்படுவோருக்கு டயாலிசிஸ் திரவப் பைகளும் இல்லத்திற்கே வந்து சேர்கின்றன. மருந்து கொண்டுவரும் பணியாளரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ, ஊசிப் புட்டியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெற்றுக்கொள்வார்களா என்று முதலில் கேட்கவும். வழி தெரியும் வரை புட்டியை மூடியே வைத்திருக்கலாம், அதில் தீங்கில்லை. குப்பை வண்டியில் தர நேர்ந்தால், பிற குப்பையுடன் சேர்க்காமல், உள்ளே இருப்பது என்னவென்று சொல்லிக் கையில் கொடுக்கவும்.

ஊரளவில் திட்டமிடுவது எப்படி?

ஒரு வீடு மட்டும் பிரித்து வைத்தால், வண்டியில் ஏறியதும் எல்லாம் மீண்டும் ஒன்றாகிவிடலாம். எனவே சேகரிப்பும் பிரிந்தே நடக்க வேண்டும். தமிழகத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அங்கு பின்வருவனவற்றைக் கோரலாம்.

• ஊசிப் புட்டிகளைப் பெற மாதத்தில் ஒரு நாளும், டயப்பர் பொதிகளைப் பெற நாள்தோறும் வண்டியில் தனிக் கூடையும்
• பெற்ற புட்டிகள் மருத்துவக் கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சென்றடைய, சுகாதார நிலையத்துடன் உடன்பாடு
• தூய்மைக் காவலர்களுக்குத் தடித்த கையுறையும், கல்லீரல் அழற்சி பி தடுப்பூசியின் மூன்று தவணைகளும்
• நோயாளிகளின் வீடுகளை அடையாளமிடாத ஏற்பாடு. எண்ணிக்கை திட்டமிடுவோருக்குத் தேவை. பெயர்கள் பொதுவில் தேவையில்லை.

ஊசி குத்திவிட்டால் செய்ய வேண்டியவை

• குத்திய இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவுக. பிதுக்கவோ வாயால் உறிஞ்சவோ கூடாது.
• தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் செல்க. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இயன்றவரை 2 மணி நேரத்திற்குள் தொடங்குவது நல்லது; 72 மணி நேரத்தைக் கடந்துவிடக் கூடாது.
• ஊசி யாருடையது என்று தெரிந்தால், அவருக்குள்ள தொற்று விவரத்தை மருத்துவரிடம் மறைக்காமல் கூறவும். மருத்துவர் அதனை இரகசியமாகக் காப்பார்.

ஐயங்களுக்கு 104 என்னும் சுகாதார உதவி எண்ணை அழைக்கலாம்.

நினைவில் கொள்க: ஊசியைப் புட்டியில் இட்டு மூடச் சில நொடிகளே ஆகும். அது தவறினால், குத்துப்பட்ட தொழிலாளி தொற்று உண்டா இல்லையா என்று அறியப் பல வாரங்கள் பரிசோதனை முடிவுகளுக்காகக் காத்திருக்க நேரிடும்.