மலைப்பாதையில் ஓடுவோர் கவனத்திற்கு



நபி (ஸல்) அவர்கள் பயணமொன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். முதன்முறை அன்னையார் முந்தினார்கள். பின்னொரு முறை நபியவர்கள் முந்தினார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள இச்செய்தியை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். நம் இல்லங்களில் ஓடுபவர் எத்தனை பேர்?

காரைக்காலிலிருந்தும் புதுவையிலிருந்தும் சென்று பிரான்சில் குடியேறிய நம் குடும்பங்கள் உண்டு. அந்நாட்டில் மலையோட்டத்திற்குப் பெயர் பெற்ற சிற்றூர் ஷாமோனி. ஆல்ப்ஸ் மலையில், மாண்ட் பிளாங்க் சிகரத்தின் அடியில், ஆர்வ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சுமார் 1035 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. 1924-இல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடைபெற்றதும் இங்கேதான்.

முதன்முதலாகச் செல்வோர் 'பெத்தி பால்கோன் சூத்' என்னும் பாதையைத் தேர்ந்துகொள்ளலாம். வெயில் படும் சரிவில், மரநிழலினூடே, ஊருக்குச் சற்று மேலாகவே செல்வதால் நடுவில் களைத்தாலும் கீழிறங்குவது எளிது. சிறுவரும் பெண்களும் நடந்து வர ஏற்றது. 'கிரான் பால்கோன் நோர்' அவ்வாறன்று. கம்பிவட ஊர்தியில் ஏறி, சுமார் 2300 மீட்டர் உயரத்திலிருந்து மோந்தன்வேர் வரை பாறைகளின்மீது செல்ல வேண்டும். முடிவில் 'மேர் த கிளாஸ்' பனியாறு தெரியும். புவி வெப்பத்தால் அது மெலிந்து, பள்ளத்தின் ஆழத்திற்கு இறங்கிவிட்டது.

இங்கே தொலைவை நம்பி ஏமாறாதீர்கள். செங்குத்தோட்டப் போட்டி நடைபெறும் பாதையின் நீளம் 3.8 கிலோமீட்டர்தான், ஏற்றமோ 1000 மீட்டர்! அதனால்தான் மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் எத்தனை மணி நேரம் நடக்க வேண்டும் என்பதை எழுதியிருக்கிறார்கள். ஓடுபவரும் அக்கணக்கையே முதலில் பார்ப்பது நலம்.

கோடையில் பிற்பகலில் இடிமழை திடீரென வரும். உயரமான பாதைகளில் கோடைத் தொடக்கத்திலும் பனி கிடக்கும். ஆகவே அதிகாலையில் புறப்படுங்கள். தண்ணீர், உணவு, மழைச்சட்டை, ஊதல், கைவிளக்கு, உடல் வெப்பம் காக்கும் மெல்லிய போர்வை ஆகியன உடனிருக்கட்டும். ஆபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண் 112. எப்பாதையில் செல்கிறீர்கள் என்பதை வீட்டாரிடம் சொல்லாமல் செல்லாதீர்கள். தாய்மாரே, பிள்ளைகளிடம் இதை நீங்களே கேட்டு வாங்குங்கள்!

வானம் கறுத்தால் திரும்பிவிட வேண்டும். மாண்ட் பிளாங்க்கைச் சுற்றி 2003 முதல் நடைபெறும் புகழ்பெற்ற போட்டியின் தொலைவு ஏறத்தாழ 170 கிலோமீட்டர். 2010-இல் வானிலை கெட்டதும், ஆண்டு முழுவதும் பயிற்சி செய்து வந்தோர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை நிறுத்திவிட்டார்கள். அல்லாஹ் அமானிதமாகத் தந்த உடலைப் பிடிவாதத்திற்குப் பலியாக்க நமக்கு உரிமையில்லை.

தொழுகையாளிகளுக்கு இன்னொன்று. பள்ளத்தாக்கில் சூரியன் மலைக்குப் பின்னே முன்னதாகவே மறைந்துவிடும். அது மஃரிபு அன்று. சிகரங்களில் ஒட்டியிருக்கும் வெயிலும் நீங்கி, கிழக்கே இருள் எழ வேண்டும் என்பது ஃபிக்ஹு விளக்கம். நோன்பு வைத்திருப்போர் இதில் மிகவும் கவனமாயிருக்க வேண்டும். அவ்வூருக்குரிய தொழுகை நேர அட்டவணையைப் புறப்படும்போதே பையில் வைத்துக்கொள்ளுங்கள்.